ஒற்றைப் பாறைக்குக் கிழக்கே

கிழவர் இன்றைக்கு மண்வெட்டியோடு வந்து நின்றார். நின்றது வேலிக்கு வெளியேதான். பார்வை மட்டும் உள்ளே, நிலத்தின் நடுவில் கிடந்த ஒற்றைப் பாறையை விட்டு நகரவே இல்லை.

நேற்றும் வந்தார், முந்தாநாளும் வந்தார். கூப்பிட்டால் பதில் இல்லை. வெயில் ஏறியதும் வந்த வழியே போய்விடுவார். களை பிடுங்கிக்கொண்டிருந்த பட்டாளத்தாரின் மனைவி களையைப் போட்டுவிட்டு எழுந்து, பக்கத்து நிலத்துக்காரரிடம் போய்ச் சொன்னாள்.

சண்டை ஓய்ந்ததும், போர்முனையிலிருந்து திரும்பியவர்களுக்கு அரசாங்கம் பிரித்துக் கொடுத்த நிலம் அது. யாருடைய நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள் என்று அந்தக் குடியிருப்பில் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஓடிப்போனவர்கள் என்றைக்காவது திரும்பி வருவார்கள் என்ற பயம் மட்டும் எல்லார் வீட்டிலும் இருந்தது.

"பழைய சொந்தக்காரன்தான், சந்தேகமே இல்ல!" என்றார் பக்கத்து நிலத்துக்காரர். பீரங்கிப் படையில் இருந்து காது மந்தமானவர். ரகசியத்தைக்கூட ஊருக்கே கேட்கும்படி சொல்வதால் அவருக்கே பீரங்கி என்று பேராகிவிட்டது. "இன்னைக்கு வேலிக்கு வெளிய நிப்பான். விட்டா நாளைக்கு உன் அடுப்பங்கரையில வந்து நிப்பான். விரட்டி விடும்மா!"

புருஷனிடம் சொன்னாள். வாசலில் உட்கார்ந்து ஏரைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த பட்டாளத்தார் தலையைத் தூக்கவில்லை. "நிக்கட்டுமே. நின்னா நிலம் தேஞ்சா போயிடும்?"

அவர் எப்போதும் அப்படித்தான். சண்டையைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார். புதிதாக வாழ வந்தபோது அவள் துருவித் துருவிக் கேட்டதற்கு, "இந்தப் பக்கத்துச் சண்டைக்கு நான் வரவே இல்ல" என்று முடித்துவிட்டார். அவர் பிடிவாதம் பிடித்து அவள் பார்த்தது வீடு கட்டும்போது மட்டும்தான். பாதையோரம், மேட்டில் கட்டலாம் என்று கொத்தனார் தலைகீழாக நின்று பார்த்தார். இவரோ தண்ணீர் தேங்கும் பள்ளத்தில்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். மழைக்கு மழை வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை வாளி வாளியாக இறைத்துக் கொட்டியவள் அவள்தான்.

பொறுத்தது போதும் என்று அரிவாளும் கையுமாக வேலியருகே போனாள்.

"என்ன வேணும் உங்களுக்கு? நிலம்னா, அது சர்க்கார் எங்களுக்குக் குடுத்தது. பட்டா இருக்கு."

கிழவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "எனக்கெதுக்கும்மா நிலம்? நானே இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கேன். என் பையன் இங்கதான் விழுந்தான். ஒத்தப் பாறைக்குக் கிழக்கேன்னு கூட இருந்தவன் சொன்னான். எடுத்துட்டுப் போயி அவன் அம்மா பக்கத்துல படுக்க வைக்கணும். அவ்வளவுதான்."

எந்தப் பக்கத்துப் பட்டாளம் என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. அரிவாளை வேலியில் மாட்டிவிட்டுப் படலைத் திறந்தாள்.

கிழவர் தோண்டினார். விளைந்து நின்ற பயிரைக் கையால் விலக்கி விலக்கி, பாறையடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே, வீட்டுப் பக்கமாக வந்தார். கிடைத்ததெல்லாம் கல்லும் வேரும், துருவேறிய தோட்டாக் கூடுகளும்தான். ஒவ்வொரு வெட்டுக்கும் நின்று, குனிந்து, மண்ணை விரலால் அளைந்து பார்த்தார்.

தண்ணீர் குடிக்க வந்தபோது பட்டாளத்தாரிடம் கேட்டார். "தம்பி, நீங்க இங்க நடந்த சண்டையில இருந்தீங்களா?"

"இல்ல."

"இருந்திருந்தா ஒரு வார்த்தை கேக்கலாமேன்னுதான். சுட்டது யாருன்னு கேக்க வரல தம்பி. அதைத் தெரிஞ்சு நான் என்ன பண்ணப்போறேன்? சின்னப் பையன். மீசைகூட ஒழுங்கா முளைக்கல. இருட்டுன்னா பயப்படுவான். தனியா விட்டுட்டுச் சாக மனசு வரல."

பட்டாளத்தார் செம்பை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்ப ஏரை எடுத்துக்கொண்டார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களே! பெத்தவர் படுற பாட்டைப் பாத்தா மனசு இரங்கல? போயி ஒரு கை குடுங்களேன்!"

ஏர்க்காலைச் செதுக்கிக்கொண்டிருந்த உளி மட்டும் வெகுநேரமாக ஒரே இடத்தில் நின்றிருந்தது.

பொழுது சாய்ந்தது. தோண்டிய குழிகளையெல்லாம் கிழவர் தாமே மூடி, மிதித்துச் சமன் செய்தார். "கூட இருந்தவன் இடம் மாத்திச் சொல்லிட்டான் போல. பயிரை வேற கெடுத்துட்டேன். மனசுல வச்சுக்காதம்மா" என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியை ஊன்றி ஊன்றி வேலியை நோக்கி நடந்தார்.

அப்போது வீட்டுக்குள் கரகரவென்று ஏதோ இழுபடும் சத்தம். பட்டாளத்தார் அவர்கள் படுக்கும் கட்டிலை வெளியே இழுத்து வந்து முற்றத்தில் போட்டார்.

கிழவர் சற்று உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் போடுகிறார் என்று அவள் நினைத்தாள். கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. "இப்பவாவது தோணிச்சே உங்களுக்கு" என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரோரம் சாத்தியிருந்த கடப்பாரையைக் கையில் எடுத்தார். படலைத் தாண்டிவிட்ட கிழவரை உடைந்த குரலில் கூப்பிட்டார்.

"அங்க இல்ல, பெரியவரே... வீட்டுக்குள்ள வாங்க."