பாலத்துக்கு அந்தப் பக்கம்

“பாலத்துக்கு இந்தப் பக்கந்தானுங்க. பஸ் ஸ்டாப்புல,” என்றாள் அவள்.

பொய்.

பிள்ளையைத் தொலைத்தது அக்கரைச் சந்தையில். ஆற்றைத் தாண்டினால் கேரளம். முருங்கைக்காய்க் கட்டை இறக்கிவிட்டுத் திரும்பினாள். நின்ற இடத்தில் மௌனிகா இல்லை. யாரோ ஒருத்தன் நீல வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனதாகப் பூக்காரி சொன்னாள்.

நாலு வயதுப் பிள்ளை.

சந்தைக்குப் பக்கத்திலேயே போலீஸ் ஸ்டேஷன் இருந்தது. அதைத் தாண்டித்தான் அவள் பாலத்தில் ஓடிவந்தாள்.

அங்கே போனால், உங்கள் ஊரில் போய்ச் சொல் என்பார்கள். இங்கே வந்தால், அங்கே தொலைத்ததை அங்கே போய்த் தேடு என்பார்கள். இரண்டு ஸ்டேஷன்களும் எலியும் பூனையும். ஆனால் ஆளை விரட்ட இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

லிமிட்.

“எங்க லிமிட் இல்ல.”

அதனால் தொலைந்த இடத்தையே ஆற்றுக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டாள். பெற்றவள் வேறு என்ன செய்வாள்?

இன்ஸ்பெக்டர் தமயந்தி குறுக்கே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மைக்கை எடுத்தார். நீல வேன், பெண் குழந்தை, மஞ்சள் கவுன். வாசலில் நின்ற ஜீப் சீறிக்கொண்டு கிளம்பியது. பின்னாலேயே இரண்டு பைக்குகள்.

எல்லாம் கிழக்கே.

அவள் வாசற்படியில் நின்று பார்த்தாள். வேன் இந்நேரம் மேற்கே போய்க்கொண்டிருக்கும்.

உண்மையைச் சொன்னால் விரட்டிவிடுவார்கள். சொல்லாவிட்டால் பிள்ளை போயே போய்விடும்.

அடித்தாலும் அடிக்கட்டும் என்று உள்ளே போனாள்.

“மேடம், அந்தப் பக்கமுங்க. சந்தையிலீங்க. நான் பொய் சொல்லிப்போட்டனுங்க.”

ரைட்டர் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்தார். “ஏம்மா, வெளையாடறயா?”

தமயந்தி அவரைக் கையமர்த்தினார். “எதுக்கும்மா பொய் சொன்னே?”

“என்ற ஊட்டுக்காரரு அந்த ஆத்துப் பாறை மேல ஒரு பகலெல்லாம் பொணமாக் கெடந்தாருங்க மேடம். அக்கரையில அவிங்க, இக்கரையில நீங்க. நின்னு பாத்துட்டே இருந்தீங்க.”

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது.

இன்ஸ்பெக்டரின் கை உயர்ந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அடி விழவில்லை.

“சுகதன் சாரே, ஞான் தமயந்தி. ஒரு குட்டியத் தூக்கிட்டுப் போயி. நீல வேன். நிங்ஙளுட சந்தையிலதான்.”

அக்கரை எஸ்.ஐ.யுடன் போனில் பேசிக்கொண்டிருந்தார். பாதி மலையாளம், பாதி தமிழ். குட்டி என்றால் அங்கே குழந்தை. சந்தையில் காய் விற்கிற அவளுக்கு அது தெரியாதா? இருந்தாலும், ஆட்டைத் தேடப் போய்விடுவார்களோ என்று ஒரு கணம் பதறிவிட்டாள்.

ஸ்டேஷன் வாசலில் நின்றால் ஆற்றுக்கு அப்பால் மலைச்சாலை தெரியும்.

முதலில் ஒரு பஸ் நின்றது. அதன் பின்னால் ஒரு லாரி. பிறகு மாலை கட்டிய கல்யாணக் கார். வளைவுக்கு வளைவு காக்கிச் சட்டைகள் இறங்கின. கிழக்கே போன ஜீப் திரும்பி வந்து பாலத்தில் ஏறி அந்தப் பக்கம் பறந்தது. யாரும் அதை மறிக்கவில்லை.

உள்ளே வயர்லெஸ்ஸில் தமிழும் மலையாளமும் மாறி மாறிக் கத்தின.

இத்தனையும் நம்ம கழுதைக்கா?

ரேஷன் கடை வரிசையில்கூட அவளுக்கு யாரும் வழிவிட்டதில்லை. இன்று ஒரு மலைச்சாலை முழுக்க அவள் பிள்ளைக்காக நின்றுகொண்டிருந்தது. அவ்வளவு பயத்திலும் அவளுக்கு மெய் சிலிர்த்தது. பிள்ளையைக் காணாத நேரத்தில் சிலிர்ப்பு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

“கிட்டி!” என்றது வயர்லெஸ். “குட்டியைக் கிட்டி!”

யாரும் அதை அவளுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவள் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சுகதன் பாலத்தில் நடந்தே வந்தார். தொப்பை பெருத்த மனிதர். மௌனிகா அவர் தோளில் கிடந்தாள். சட்டை முழுக்க வாந்தி. அவர் அதைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

“பேடிக்கண்டா அம்மே, பயப்பட வேண்டாம்,” என்று பிள்ளையை அவள் கையில் கொடுத்தார்.

அவள் பிள்ளையை முகர்ந்தாள். முதுகில் ஓர் அடி வைத்தாள். பிறகு அடித்த இடத்தையே தடவினாள்.

சுகதனுக்குப் பின்னால் ஒரு பெண் போலீஸ் வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு சிறுமி. ஐந்தாறு வயதிருக்கும். அதே வேனில் இருந்தவள்.

இவளைக் காணோம் என்று இரண்டு கரையிலும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

தமயந்தி தமிழில் கேட்டார். சுகதன் மலையாளத்தில் கேட்டார். ரைட்டர் தனக்குத் தெரிந்த தெலுங்கில் கேட்டார். சிறுமி பதில் சொன்னாள். அது என்ன மொழியென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு அதிகாரிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு போனை எடுத்தார்கள். அவள் கேள்விப்பட்டே இராத ஊர்களின் ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கின.

நடுவில் தமயந்தி போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.

“நீ கெளம்பும்மா. ஜீப்புல விடச் சொல்றேன்.”

அவள் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தாள். மௌனிகாவை ஒரு தொடைக்கு மாற்றிக்கொண்டு, அந்தச் சிறுமியை இன்னொரு தொடையில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“இருக்கட்டுங்க மேடம். இவங்கம்மா வந்துரட்டுங்க.”