ஐந்தாவது மாடியைக் கடக்கையில்

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கோமளத்தின் பால்கனிக்கு வெளியே, பன்னிரண்டாவது மாடி தனசேகர் இறக்கை வைத்த உடுப்போடு மெல்ல விழுந்துகொண்டிருந்தான். கைக்கும் இடுப்புக்கும் நடுவே துணி காற்றில் உப்பியிருந்தது.

"லிஃப்ட் என்னாச்சு தம்பி?"

"மேகலா அதுல இறங்கிட்டாக்கா. கோவிச்சுக்கிட்டு, பெட்டியோட. அது திரும்பி வர்றதுக்குள்ள கார் கிளம்பிடும்னு குதிச்சிட்டேன். இது இவ்வளவு மெதுவா இறக்கும்னு நினைக்கல. கனமா ஏதாவது குடுங்களேன், சீக்கிரம் போயிடுவேன்."

கோமளம் உள்ளே போய் அம்மிக்குழவியைத் தூக்கி வந்தாள். அவன் கையை நீட்டினான். கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. குழவியை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள்.

"மேகலா, உன் வீட்டுக்காரர் வந்துக்கிட்டிருக்கார். கொஞ்சம் நில்லும்மா."

ஒரு காலைக் காருக்குள் வைத்திருந்த மேகலா அண்ணாந்து பார்த்தாள்.

"வந்துக்கிட்டே இருக்கேன் மேகலா," என்றான் தனசேகர்.

"கல்யாணமான நாளா இதைத்தான் சொல்றாருக்கா."

"இன்னிக்கு நிஜமாவே வர்றார்மா. நான் பார்த்துக்கிட்டுதானே இருக்கேன்."

"போலாமா மேடம்?" என்று டிரைவர் கேட்டார்.

மேகலா காலை வெளியே எடுக்கவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை.