ஆறாவது சீடி

ஏழாயிரத்து நானூறு ரூபாய்க் கடனை ஒரே வார்த்தையில் தள்ளிவிட்ட மனிதரின் கார். அதனால் வேறு யாரையும் விடாமல் நானே டிக்கிக்குள் தலையை விட்டேன்.

"பழைய சீடிப் பெட்டியக் கழட்டி எடைக்குப் போட்டுக்க, சிவபாண்டி. இனிமே எல்லாம் பென்டிரைவுதான்" என்று சொல்லிவிட்டு வீரணன் அண்ணன் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனார்.

உசிலம்பட்டியில் பந்தலும் ரேடியோ செட்டும் வாடகைக்கு விடுகிறவர். எங்கள் மகன் கிணற்றில் விழுந்து செத்தபோது பந்தல், செட், கொட்டு எல்லாம் அவர் பொறுப்பு. அந்தக் கடன்தான்.

பதினாறாம் நாள், "புள்ளையப் பறிகுடுத்தவன்ட்ட வாங்கி நான் மாடியா கட்டப்போறேன்? விடு தம்பி" என்றார்.

ஊர் பார்க்க அவர் காலில் விழுந்தேன்.

பிறகு செல்லூருக்குக் குடிவந்து இந்தக் கார் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் வண்டிக்கு மட்டும் என் கூலியை வாங்கியதே இல்லை. "காசு வாங்குனியா?" என்று என் மனைவி அன்னக்கொடி ஒவ்வொரு தடவையும் கேட்பாள். "நன்றி கெட்டவளே" என்று ஒவ்வொரு தடவையும் ஏசுவேன்.

டிக்கி ஓரத்தில், விரிப்புக்கு அடியில் கிடந்தது சீடி சேஞ்சர். ஆறு சீடியை ஒன்றாகப் போடுகிற பெட்டி. கழற்றுவதற்கு முன்னால் பழையதைப் பாடவிட்டு ஸ்பீக்கர் எல்லாம் பேசுகிறதா என்று பார்த்துக்கொள்வோம். இல்லாவிட்டால் புதுசு மாட்டியதும் நாங்கள்தான் கெடுத்தோம் என்பார்கள்.

ஐந்திலும் சினிமாப் பாட்டு, சாமிப் பாட்டு.

ஆறாவதில் ஒப்பாரி.

"உலையில அரிசி போட்டேன், ஒருவாய் உங்கலையே
வாசலத் தெளிச்சு வச்சேன், வந்து மிதிக்கலையே..."

அன்னக்கொடியின் குரல்.

பந்தலில் அழுதது மைக்கில் ஏறியிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் கொட்டுச் சத்தம் இல்லை. கூட அழுகிற பொம்பளைகள் இல்லை. ஒரு காக்கா கூட இல்லை. அடைத்த அறைக்குள் அவள் மட்டும்.

"அருளுப்பாண்டி, எஞ்சாமி..." என்று மகன் பேரை அவள் எடுத்ததும் ஓர் ஆண் குரல் குறுக்கே வந்தது.

"பேரச் சொல்லாத, அன்னக்கொடி. புள்ள செத்த எல்லா வீட்டுக்கும் ஆகணும்ல? மொதல்லருந்து."

வீரணன் அண்ணன்.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு முதலிலிருந்து பாடினாள். பேர் வருகிற இடத்தில் "மகனே" என்று பாடினாள்.

கருமாதிக்கு முன்னால் அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லி ஒரு நாள் போனவள், குரலே இல்லாமல் திரும்பி வந்தாள். அழுது அழுது போய்விட்டது என்று நான்தான் சுக்குத் தண்ணி வைத்துக் கொடுத்தேன்.

கடன் எப்படித் தீர்ந்தது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாமல் காலில் விழுந்தவன் நான் ஒருத்தன்தான்.

பெட்டியைக் கழற்றினேன். புதுசை மாட்டினேன். வயர்களின் நிறம் ஒன்றோடு ஒன்று கலங்கித் தெரிந்தது.

வீரணன் அண்ணன் வந்து பார்த்தார். "யாத்தே, கல்யாண மண்டபம் கணக்கா மின்னுது!" எப்போதும் போலச் சட்டைப்பையைச் சும்மா தொட்டுக்கொண்டு, "ஒனக்கு எம்புட்டு தம்பி?" என்றார்.

"எண்ணூறு."

"எங்கிட்டயா?" என்று சிரித்தார்.

அந்த சீடியைப் புது ஸ்டீரியோவின் திரைக்குக் கீழே வைத்தேன். அதன்மேல் ஓர் எழுத்தும் இல்லை. ஆனாலும் அவருக்கு அடையாளம் தெரிந்தது.

"கடனுக்குப் பதிலாப் பாடித் தாரேன்னு தங்கச்சியாத்தான் வந்து கேட்டுச்சு, சிவபாண்டி. ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சு."

"நான் கால்ல விழுந்தேனேண்ணே."

அவர் எண்ணூறு ரூபாயை எடுத்து சீட்டில் வைத்தார்.

வீட்டுக்குள் நுழையும்போதே அன்னக்கொடி கேட்டாள், "காசு வாங்குனியா?"

அவள் கையிலேயே வைத்தேன்.

அவள் எண்ணவில்லை. என் முகத்தையே பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

அப்புறம், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவன் பேரைச் சொல்லி அழுதாள்.