நைனாவின் பார்

எங்கள் ஜியாலஜி புரொபசர் சீனிவாசன் சாரின் வேன் பழவேற்காடு பாலத்தைத் தாண்டிவிட்டதாக போன் வந்தும் நைனா படகைத் தள்ளவில்லை.

லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையில் அங்குமிங்கும் நடக்கிறார். இன்ஜினைத் தொடுகிறார், விடுகிறார். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

எல்லாம் போன மாதம் அவர் வலையில் சிக்கி வந்த கல்லால்தான்.

கல் முழுக்கச் சிப்பி ஒட்டியிருந்தது. ஒரு மூலையை உடைத்துப் பார்த்தேன். உள்ளே கன்னங்கரேலென்று, உப்புப் பொடி போல நெருங்கிய மணிகள். எரிமலைப் பாறை. இந்தக் கரையும் அண்டார்டிகாவும் ஒட்டிக்கிடந்து பிரிந்த காலத்து எரிமலைக் குழம்பாக இருக்கலாம். அதன்மேல் சேறும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்து மூடியிருக்க வேண்டும். அது எங்கள் கடலில் தலை நீட்டுகிறது என்றால் யார் நம்புவார்கள்?

சார் நம்பினார். இடத்தைக் காட்டினால் ஆராய்ச்சிப் படிப்பில் சேர்த்துக்கொள்கிறேன் என்றார்.

அந்த இடம் நைனாவின் பார். கடலடியில் மீன் கூடும் கல் திட்டு. கூடப்பிறந்தவனுக்குக்கூட யாரும் தன் பாரைக் காட்ட மாட்டார்கள். நைனா அம்மாவிடமே சொன்னதில்லை. நேற்று அரை மனதாகத் தலையாட்டியவர் இப்போது பின்வாங்குகிறார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"மேப்புல போட மாட்டோம்னு சார் சொல்லிட்டாரு நைனா. ஒனக்கு மீன் பெருசா, நான் பெருசா?"

அவர் என் கையிலிருந்த கல்லை வாங்கினார். இடுப்புக் கத்தியை எடுத்து, நான் உடைக்காத பக்கத்துச் சிப்பியைச் சுரண்டினார். சாம்பிளைக் கெடுக்கிறாரே என்று பிடுங்கப் போனேன்.

சிப்பி உதிர்ந்த இடத்தில் கல் தட்டையாக இருந்தது. மெஷினில் அறுத்த தட்டை.

இன்னும் சுரண்டினார். பாலிஷ். என் முகம் மங்கலாகத் தெரிந்தது.

"மீஞ்சூர்ல கல்லறுக்கிற பட்டறையில கழிச்சுப் போட்டது. மூட்டை மூட்டையா நான்தான் எடுத்தாந்து கடல்ல எறக்குனேன், மீன் சேரட்டும்னு."

சவுக்குத் தோப்புப் பக்கம் வேன் திரும்பும் சத்தம் கேட்டது. கல்லைத் திருப்பி வாங்கினேன்.

"எப்போ போட்ட?"

நைனா கத்தியை வேட்டியில் துடைத்தார்.

"ஒனக்கு காலேஜ்ல சீட்டு கெடச்சுதே, அந்த வருசம். ஃபீஸ் கட்டணும், அப்ப வேற எங்கியும் மீனே இல்ல."