சைகோன் கோயிலின் பின்சுவர்

சைகோன் நகரத்தின் பைக் வெள்ளத்தைத் தாண்டி மாரியம்மன் கோயிலுக்குள் வந்த பிறகுதான் கோமதிக்கு மூச்சு வந்தது. அங்கே வியட்நாமியப் பெண்கள் கருவறையின் பின்சுவரில் முகத்தை ஒட்டிவைத்து, வேண்டுதலை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தவள், தானும் கன்னத்தைச் சுவரில் வைத்தாள். சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போன மகளின் பெயரை, வீட்டில் யாரையும் கணவர் உச்சரிக்க விடாத அந்தப் பெயரை, வாய்விட்டே சொன்னாள். “இசைவாணி.” ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடியும் சொன்னாள். நெஞ்சு லேசாகிவிட்டது.

திரும்பினால், பின்னால் கணவர் சிதம்பரநாதன் நின்றிருந்தார்.

“இவ்வளவு சத்தமாவா சொல்லுவே?”

“இங்க யாருக்குங்க தமிழ் தெரியப்போவுது?”

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

“நீ கொஞ்சம் தள்ளிப் போயி நில்லு.”

கோமதி வாசல்வரை போய், பைக்குகளின் இரைச்சலுக்குள் நின்றுகொண்டாள்.