நார்மல்

"பார்த்துட்டியா? இன்னும் எவ்வளவு நேரம் பார்ப்ப? வாயைத் திறந்து சொல்லித் தொலை, கண்ணு!"

க்ளெனிஸ் ஆய்வகக் கதவோரமே நின்றாள். சொந்தக்காரர்களின் இரத்தத்தை நாமே பார்க்கக் கூடாது என்பது விதி. அதை எழுதிச் சுவரில் ஒட்டியவளே அவள்தான். கரும்பாலை ஊரின் சின்ன மருத்துவமனை; ஆய்வகத்துக்கு க்ளெனிஸ் தலைவி, நெரிடா ஒருத்திதான் அவளுக்குக் கீழே. இன்று வந்திருப்பது க்ளெனிஸின் மகன் டெக்லனின் இரத்தம்.

நெரிடா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மனிதர்களைவிட ஸ்லைடுகளோடு பழகுவது அவளுக்குச் சுலபம். பார்ட்டிகளில் ஃபிரிட்ஜ் பக்கம் போய் நின்றுகொள்வாள். யாராவது பேச வந்தால் ஐஸ் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவாள்.

"வெள்ளை அணு கூடியிருக்கு. அதுலயும் சில அணுக்கள் பெரிசு பெரிசா, ஓரமெல்லாம் பாவாடை மாதிரி விரிஞ்சு..."

"பெரிசாவா?" க்ளெனிஸ் கதவைப் பிடித்துக்கொண்டாள். "ரத்தப் புற்றுநோயா?"

"இல்ல, இல்ல. அதுன்னா எல்லாமே ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். இங்க ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. பக்கத்துல இருக்கிற சிவப்பணுவை எல்லாம் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்குது. வைரஸோட மல்லுக்கட்டுற அணு இப்படித்தான் இருக்கும். தட்டணுவும் குறையல."

அறிமுகமே இல்லாத சிவப்பணுவைக் கட்டிப்பிடிக்கும் அந்தத் துணிச்சல். அதைப் பார்க்கும்போதெல்லாம் நெரிடாவுக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

"என்ன வைரஸ்?"

"எச்சில்ல தொத்திக்குமே, முத்தக் காய்ச்சல்."

க்ளெனிஸ் அழுகையோடு சிரித்தாள். "டெக்லனுக்கா? பகல் பூரா ரக்பி, ராத்திரி என் சோபாவுல குறட்டை. அவன் உதட்டுல பட்டதெல்லாம் பேக்கரி மீட் பை ஒண்ணுதான்! முத்தத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? புதுச் சாயப் புட்டி வந்தா, ஒத்துப் பார்க்க உன் ரத்தத்தையே எடுத்து, ஸ்லைடுல 'நார்மல்'னு எழுதி உன்கிட்ட கொடுக்கிறேனே, ஏன்? இந்த ஊரிலேயே ஒரு விசேஷமும் இல்லாத ரத்தம் அது. உன் வாழ்க்கை மாதிரியே."

நெரிடா ஸ்லைடை ஒரு நூல் நகர்த்தினாள்.

"சரி, காலையில நீ பண்ணின விரைவுச் சோதனையில இந்த வைரஸ் இல்லைன்னுதானே வந்தது?"

"ஆரம்பத்துல அப்படித்தான் வரும். அணுக்கள் முந்திக்கும், சோதனை பிந்தும். அடுத்த வாரம் இருக்குன்னு காட்டும். கழுத்து வீக்கம் வடியும். ஆனா அசதி மட்டும் சீக்கிரம் போகாது. படி ஏறினா நடுவுல உட்காரத் தோணும். டீ கசக்கும். மண்ணீரல் வீங்கியிருக்கும், அதனால ரக்பி மட்டும் கூடவே கூடாது."

"டீ கசக்குமா? அது எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு?"

நெரிடா லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"எல்லாம் ஊகம்!" க்ளெனிஸ் நாற்காலியில் விழுந்தாள். "எத்தனை அம்மாக்களைப் பார்த்து 'பயப்படாதீங்க, சாதாரண வைரஸ்தான்'னு பல்லைக் காட்டியிருக்கேன்! அதுல ஒருத்தியாவது என்னை அறைஞ்சிருக்கணும். நான் டவுன்ஸ்வில் பெரியாஸ்பத்திரி டாக்டர்கிட்ட பேசிட்டேன். நாளைக்கு இடுப்பெலும்புல ஊசியை இறக்கி மஜ்ஜை எடுக்கப் போறாங்க."

"வேண்டாம், க்ளெனிஸ். ரொம்ப வலிக்கும். அதுக்கு அவசியமே இல்ல."

"எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சாகணும். அடுத்த வாரம்வரைக்கும் என்னால மூச்சுவிட முடியாது. முத்தம் கொடுக்க ஆளே இல்லாதவனுக்கு முத்தக் காய்ச்சல் எப்படி வரும்? இதே மாதிரி வந்து பிழைச்ச ஒருத்தரைக் காட்டு, நம்புறேன். இல்லேன்னா இப்பவே போன் போட்டு நாளைக்கு ஊசியை உறுதி பண்ணிடுவேன்."

அவள் போனைக் கையில் எடுத்தாள்.

நெரிடாவின் காதுகள் சிவந்தன. மேசை இழுப்பறையைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். அடியிலிருந்து ஒரு ஸ்லைடை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தாள்.

"இது வேற ஒருத்தரோடது. நீங்க பார்க்கலாம்."

க்ளெனிஸ் குனிந்தாள். நீ சொன்ன பாவாடை இதுதானா என்றாள். பிறகு, "அட, ஒண்ணு கூட இன்னொண்ணு மாதிரி இல்லையே" என்றாள்.

"இவங்களுக்கும் முதல் சோதனையில இல்லைன்னுதான் வந்தது. அடுத்த வாரம் இருக்குன்னு வந்தது. இப்ப சுத்தமாச் சரியாயிடுச்சு. வேலைக்குப் போறாங்க. டீ கூடக் குடிக்கிறாங்க."

க்ளெனிஸ் வெகுநேரம் பார்த்தாள். அவள் தோள்கள் மெல்ல இறங்கின. போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"அந்தப் புண்ணியவதி நல்லா இருக்கட்டும். யாரும்மா அது?" என்று கேட்டபடி ஸ்லைடை உருவி வெளிச்சத்தில் பிடித்தாள்.

நெரிடா போய் ஃபிரிட்ஜ் பக்கம் நின்றுகொண்டாள்.

ஸ்லைடில் பெயர் இல்லை. போன மாதம் புதுச் சாயம் வந்த அன்று க்ளெனிஸ் தன் கையாலேயே எழுதிய ஒரு சொல் மட்டும் இருந்தது: 'நார்மல்.'