இறக்கத்தைப் பார்த்து

காலையில் அவள் கதவைத் தள்ளித் திறந்தபோது மலையைக் காணவில்லை.

நேற்றுச் சாயங்காலம் இதே கதவுக்கு எதிரேதான் இருந்தது. தேயிலைச் சரிவு, அதற்கு மேலே வழுக்கைப் பாறை, பாறையில் சாய்ந்து கிடந்த மேகம்.

இப்போது பள்ளத்தாக்கு.

இறங்கி ஒரு சுற்று வந்தாள். மலை எங்கும் போய்விடவில்லை. வண்டிதான் திரும்பி நின்றது. மூக்கு இறக்கத்தைப் பார்த்து.

முந்தின நாள் காலையிலும் இப்படித்தான்.

"ஏட்டி செம்பகம்," உள்ளேயிருந்து கணவர் தலையை நீட்டினார். "நீதான திருப்புன?"

"ஆமா. சைக்கிளே ஓட்டத் தெரியாதவ, இத்தாம் பெரிய வண்டியத் திருப்பிட்டேன்."

"மேட்டப் பாத்துதான நிறுத்துனேன்?"

"காலமெல்லாம் பஸ் ஓட்டுனவரு. எங்கிட்டக் கேக்கீக."

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கை, சட்டைப் பையில் எதையோ தேடுவதுபோல நெஞ்சுக்குப் போனது.

அவள் பார்த்தாள். பார்க்காதவள்போல அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த நெஞ்சுக்குத்தான் ஆபரேஷன் தேதி குறித்திருந்தார்கள். அதுவரை மலை ஏறக் கூடாது, கோபப்படக் கூடாது. டாக்டர் சொல்லிவிட்ட மறுநாளே இவர் வண்டிக்கு டீசல் போட்டார்.

"அறுத்துத் தச்ச பெறகு யாரு என்னைய ஓட்ட விடுவா? இத்தன காலமும் ரோட்டத்தான் பாத்தேன். ரெண்டு பக்கமும் என்ன இருக்குன்னு ஒரு தடவ பாத்துட்டு வந்து படுத்துக்கிடுதேன்."

வண்டி ஏலத்தில் எடுத்தது. பழைய ஆம்புலன்ஸ்.

மஞ்சள் பெயின்ட் அடித்து, அடுப்பு வைத்து, சன்னலுக்குப் பூப்போட்ட திரை தைத்து, அதை வீடாக்கியிருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் கிடந்த இடத்தில் அவர் படுக்கை.

பனி இறங்கின காலைகளில் மட்டும் மஞ்சளுக்கு அடியிலிருந்து பழைய சிவப்புச் சிலுவைக் குறி லேசாக எழுந்து வரும். வெயில் பட்டால் போய்விடும்.

கூடையோடு வந்த தோட்டத்துப் பெண் ஒருத்தி வண்டியருகே நின்றாள்.

"யாருக்கும்மா முடியல?"

"யாருக்கும் இல்லியே. சும்மா சுத்திப் பாக்க வந்தோம்."

அந்தப் பெண் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

"ஆஸ்பத்திரி கீழல்ல இருக்கு," என்று வண்டியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். மூன்று இழுப்பில் வண்டியைத் திருப்பினார்.

மேட்டுக்கே விட்டார்.

வளைவுகள். சில்வர் ஓக் மரங்கள். ஒரு பக்கம் அருவி, ஒரு பக்கம் ஆகாயம். "அந்தா பாரு, அந்தா பாரு" என்று அவளுக்குக் காட்டிக்கொண்டே வந்தார். ஒரு வளைவில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். இன்னொரு வளைவில் நிறுத்தி, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்.

"இங்கனயே திரும்பிருவோமா?" என்றாள்.

"நீயும் வண்டி கட்சிதானா?"

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினார். மேட்டைப் பார்த்து. கியரில் போட்டார். ஹேண்ட்பிரேக் இழுத்தார். நான்கு சக்கரத்துக்கும் கல் கொடுத்தார். சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார்.

"நாளைக்கும் திரும்பி நிக்கட்டும். காயலாங் கடையில போட்டு உடைக்கேன் இந்தக் கழுதைய."

பல் கிட்டுகிற குளிர். அவர் நெற்றியில் வேர்வை.

அவர் சாய்ந்து படுத்ததும் அவள் இறங்கி முன்பக்கம் வந்தாள். வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. இரண்டு விளக்குகளுக்கும் நடுவே, மாமியார் முன்னால் நிற்பதுபோல நின்றாள்.

"நீ நல்லதுக்குத்தான் செய்த. எனக்குத் தெரியாமலா? ஆனா நீ பின்னால இழுக்க இழுக்க அவுக முன்னாலதான் போறாக. கோவத்துலயே உசிரு போயிரும்போல இருக்கு."

பானெட்டின்மேல் கையை வைத்தாள். சூடு இன்னும் ஆறவில்லை.

"இனிமே திரும்பாத. என்ன ஆனாலும் திரும்பாத. நாளைக்கு நான் பேசிக் கூட்டிட்டுப் போயிருதேன். என்ன, சரியா?"

உள்ளே எங்கோ ஒரு தகடு டிக்கென்றது. வண்டி சூடு தணியும்போது வருகிற சத்தம்தான்.

காலையில் கதவைத் திறந்தாள்.

உச்சி அங்கேயே இருந்தது.

சிரித்துவிட்டாள். "கேட்டுக்கிட்டியே, ராசா."

அவரை எழுப்பாமல் அடுப்பை வெளியே எடுத்து வைத்தாள். சுக்குத் தட்டிப் போட்டுத் தேநீர் கொதிக்கவிட்டாள். என்ன பேசி அவரைக் கீழே இறக்குவது என்று மனதுக்குள் ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்தாள். பேரன் பெயரைச் சொன்னால் இறங்குவார்.

இரண்டு டம்ளரில் ஊற்றினாள்.

"என்னங்க. எந்திரிங்க. வந்து பாருங்க, வச்ச எடத்துலயே நிக்கு."

ஏரியில் ஒரு பறவை தண்ணீரைக் கீறிக்கொண்டு போனது.

"ஜெயிச்சாச்சு, இன்னும் என்ன கோவம்? என்னங்க."

உள்ளே போனாள்.

வெளியே வந்தபோது கையில் டம்ளர் இல்லை. காலில் செருப்பு இல்லை. அவர் இடுப்பிலிருந்து அவிழ்த்த சாவி இருந்தது. சக்கரத்துக் கற்களைப் பிடுங்கி எறிந்தாள். டிரைவர் சீட்டில் ஏறிச் சாவியைச் செருகினாள். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. இறங்கினாள். சாலையை மேலும் பார்த்தாள், கீழும் பார்த்தாள். யாருமில்லை.

வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மூச்சு இருக்கு. இன்னும் மூச்சு இருக்குய்யா. திரும்பு."

பானெட்டைத் தட்டினாள். இரண்டு கையாலும் தட்டினாள்.

"நான் சொன்னத விடு. கூறுகெட்டுச் சொல்லிட்டேன். திரும்பு."

வண்டி, சொன்ன பேச்சைக் கேட்டு, மேட்டைப் பார்த்தே நின்றது.